ஈரத்திட்டா, விரிசலா

சோயா மெழுகில் கை வைத்து உங்களுக்கு இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் கழியவில்லை என்று மெழுகுதிரிப் பட்டறையின் முதலாளி சொன்னார். உங்களில் சிலர் தமிழ்ப் பெண்கள் என்றும், பரிசோதனை மேசையில் நான் இருந்த இடத்தில் இனி நீங்கள்தான் மாறி மாறி இருக்கப்போகிறீர்கள் என்றும் சொல்லி, தமிழில் ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார். திரியை எப்படி நிறுத்துவது, எந்தச் சூட்டில் ஊற்றுவது என்பதையெல்லாம் ஊற்றும் பகுதியில் இருப்பவர்கள் காட்டித் தருவார்கள். என் வேலை அதுவல்ல. மெழுகு ஆறிய கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்து, இது கடைக்குப் போகலாம், இது போகக் கூடாது என்று பிரித்துவைப்பதுதான் நான் செய்தது. அதை எப்படிச் செய்வது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் இதை ஒரு பக்கத்தில் எழுதி முடித்திருப்பேன். வேலையை விட்டு நின்ற பிறகும், ஒரு செவ்வாய்க்கிழமை நான் செய்தது சரிதானா என்று எனக்கு விளங்கவில்லை. அதையே சொல்லுகிறேன். முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் நான் விஞ்ஞான ஆசிரியை. மொன்றியலுக்கு வந்தபின் முதல் சில வருடங்கள் ஒரு தையல் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்துப் பிரிக்கும் வேலை. அங்கே விதி எளிது. ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சட்டை திரும்பிப் போகும். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இந்தப் பட்டறைக்கு அதே கண்ணோடு வந்து சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே ஒதுக்கிவைக்கும் தட்டு நிரம்பி, கீழே அட்டைப்பெட்டிகளிலும் அடுக்க வேண்டி வந்தது.

எதையெல்லாம் ஒதுக்கினேன் என்பதை நீங்கள் ஊகிப்பீர்கள். சில மெழுகுதிரிகளின் மேல் உறைபனி படிந்ததுபோல வெள்ளை பூத்திருக்கும். சிலவற்றின் மேற்பரப்பு, ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிக் கிடக்கும். இன்னும் சிலவற்றில், மெழுகு ஆறிச் சுருங்கும்போது கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் விலகி, உள்ளே நனைந்ததுபோல ஒரு திட்டுத் தெரியும். ஈரம் எதுவும் அங்கே இல்லாவிட்டாலும் நாங்கள் அதை ஈரத்திட்டு என்றுதான் சொன்னோம். இவை ஒன்றும் எரிவதைக் கெடுப்பதில்லை. குளிர்காலத்தில் சமையலறைத் தட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் வெள்ளையாய் உறைந்து கோடு கோடாகப் படிவதுபோலத்தான் இதுவும். சோயா அவரையில் இருந்து எடுத்த கொழுப்பு ஆறும்போது தன் இஷ்டத்துக்கு உறைகிறது. இந்தப் பாடத்தை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். காரணம் தெரிந்திருந்தும், வெள்ளை பூத்த குவளையைப் போகவிட என் கை சம்மதிக்கவில்லை.

ஊற்றும் பகுதிக்குப் பொறுப்பாக ஹைட்டி நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் போடவில்லை. நான் ஒதுக்கிய குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்து, "சே நோர்மால்" என்று மறுபடி என் மேசையில் வைப்பார். இது வழமைதான் என்று அர்த்தம். நான் திரும்ப ஒதுக்குவேன். அவர் திரும்பக் கொண்டுவருவார். ஒருநாள் வீட்டிலிருந்து ஹெயர் ட்ரையரைக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் மெழுகின் மேற்பரப்பைச் சூடாக்கிக் கண்ணாடிபோல மழமழப்பாக்கினேன். மறுநாள் காலை பார்த்தால் முன்பைவிட அதிகமாக வெள்ளை பூத்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, தலை காயவைத்தது போதும், நாளைக்குப் பவுடரும் பூசிப் பொட்டும் வைத்து அனுப்பு என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொல்லி, ஊற்றும் பகுதி முழுவதையும் சிரிக்கவைத்தார்.

என் மனம் மாறியது பட்டறையில் அல்ல, கோயிலில். எங்கள் கத்தோலிக்கப் பங்குக்குக் காசு சேர்ப்பதற்காக ஞாயிறு பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் ஒரு விற்பனை வைத்தோம். முதலாளி ஒரு பெட்டி மெழுகுதிரிகளைச் சும்மாவே தந்திருந்தார், எல்லாம் நான் ஒதுக்கியவை. ஒரு வயதான அம்மா, ஊரில் எங்களுக்கு அடுத்த பங்கைச் சேர்ந்தவர், ஒன்றைக் கையில் எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பிள்ளை, பூஞ்சணம் பிடிச்சதைக் கொண்டுவந்து ஆண்டவருக்கு முன்னால வைக்கச் சொல்லுறியோ?"

அது பூஞ்சணம் இல்லை, சோயா அவரையின் கொழுப்பு, அதன் இயல்பே அப்படித்தான் என்று விளக்கினேன்.

"அப்ப அவிச்சுத் தின்னன். ஏன் கொளுத்துறாய்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பட்டறையில் அதே குவளைகளைக் குறை சொன்னவள், அன்று அவற்றுக்காக வக்கீலாக மாறினேன். இயந்திரத்தில் வார்ப்பது ஒரே மாதிரி இருக்கும், கையால் ஊற்றுவது ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும், இந்த வெள்ளையும் திட்டும்தான் அது கையால் செய்தது என்பதற்கு அடையாளம் என்று தேநீர் குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பெட்டி வெறுமையானது. அந்த அம்மாவும் போகும்போது ஒன்றை வாங்கிக்கொண்டு போனார், ஆண்டவருக்கு இல்லை, குளியலறைக்கு என்று சொல்லிவிட்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பத்துப் பேருக்கு முன்னால் ஒன்றுக்காக வாதாடிவிட்டால், பிறகு தனியாக இருக்கும்போதும் அதைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என் மேசையில் ஒதுக்குவதற்கு ஏறக்குறைய எதுவுமே இருக்கவில்லை. வெள்ளை பூத்ததா, போகலாம். சுருங்கியதா, போகலாம். ஈரத்திட்டா, அழகாகத்தான் இருக்கிறது, போகலாம். போகலாம் என்பதற்குக் குவளையின் அடியில் ஒட்டும் பச்சை ஒட்டியை ஒட்டி ஒட்டி அனுப்பினேன். முதலாளிக்கு மகிழ்ச்சி. ஹைட்டிப் பெண் மட்டும் ஒருநாள் என் மேசைக்கு வந்து, இப்போது நீ மிகவும் வேகமாகப் பார்க்கிறாய் என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் அவள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அறை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்தும் மாறாமல் ஒரே மெட்ரோவில் போகலாம். படிக்க அமைதி வேணும் என்றாள். வீட்டில் சத்தம் போடுவது நான் ஒருத்திதான் என்பதால் அது யாரைப் பற்றிய பேச்சு என்று எனக்குப் புரிந்தது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நானே சொன்னேன். அவளோடு அறையில் இருந்தது சென்னையிலிருந்து கணினி படிக்க வந்த ஒரு பெண் பிள்ளை. நான் காலையும் மாலையும் தொலைபேசி எடுப்பேன். மகள் "சா வா அம்மா, சா வா", எல்லாம் சரி என்று பிரெஞ்சில் இரண்டு தரம் சொல்லி வைத்துவிடுவாள். கதவைப் பூட்டினாயா, அடுப்பை அணைத்தாயா என்று நான் கேட்க நினைத்தவை என்னிடமே தங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் அவள் என் பிள்ளையாகவே இருந்தாள். புனித அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. செவ்வாய் தவறாமல் படத்துக்கு முன்னால் திரி கொளுத்த வேண்டும். கொளுத்திய திரியை வாயால் ஊதக் கூடாது, அது தானாக எரிந்து முடிய வேண்டும். நடுவில் அணைந்தால் அந்தக் கிழமை சேராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதே நான்தான் பட்டறையில், அடியில் கொஞ்சம் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள் என்ற லேபிளையும் ஒட்டினேன். கடைசித் துளிவரை எரியவிட்டால் கண்ணாடி தாங்க முடியாத சூடாகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை. லேபிள் வாடிக்கையாளருக்கு, நேர்த்தி எங்களுக்கு என்று இருந்துவிட்டேன்.

பட்டறையின் ஆகச் சிறிய குவளையைக் காலையில் ஏற்றினால் பின்னேரம் முடியும். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு ஒன்றை மகளின் பைக்குள் வைத்துவிடுவேன். விற்பனைக்கு அழகு போதாதவற்றை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு நான் கொடுத்ததில் ஒரு மாங்கொட்டை அளவுக்கு ஈரத்திட்டு இருந்தது.

"இதில என்ன அம்மா, கறை மாதிரி?"

"அது ஒண்டுமில்லை. அப்பிடித்தான் இருக்கும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் என் சொல்லை அவள் நம்பினாள். எதிலும் நம்பாதவள் இதில் நம்பினாள் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிசோதனை மேசையில், போன வாரம் ஊற்றிய சிறிய குவளைகளில் சிலவற்றை எரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். விரலால் சொடக்குப் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஒரு குவளையிலிருந்து மெழுகு மேசையில் ஓடியது. ஹைட்டிப் பெண் அதை அணைத்து, துடைத்து, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஈரத்திட்டு இருந்த இடத்தினூடாக மயிரளவு ஒரு கோடு ஓடியது. திட்டின் ஓரமும் விரிசலும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதன் அடியில் என் பச்சை ஒட்டி இருந்தது.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தார்கள். கடுங்குளிர் விழுந்த நாளில் லொறியில் வந்த குவளைகளை, அவற்றின் குளிர் போகுமுன்பே எடுத்துச் சூடான மெழுகை ஊற்றியிருக்கிறார்கள். அன்று ஊற்றியதில் பழைய கையிருப்புக் குவளைகளும் கலந்திருந்தன. எது எதில் சேர்த்தி என்று இப்போது சொல்ல முடியாது. முதலாளி இளம் பெண், இங்கேயே பிறந்தவர். அவர் பதறாமல், அந்த ஊற்றலில் எதுவும் இன்னும் கடைக்குப் போகவில்லை, எல்லாவற்றையும் நிறுத்துவோம் என்றார். பிறகு, வீட்டுக்கு யாராவது எடுத்தீர்களா என்று கேட்டார். ஹைட்டிப் பெண் எடுத்திருந்தார். உடனே வீட்டுக்கு அழைத்தார். அது பையோடு ஃபிரிட்ஜுக்கு மேலேயே கிடக்கிறது என்று அவருடைய கணவர் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

ஞாயிறு நான் மகளுக்குக் கொடுத்ததும் அந்த ஊற்றலில் வந்ததுதான். அவளுடைய கைப்பேசி மணியே அடிக்கவில்லை. நேரே பதிவுக் குரலுக்குப் போனது. பிரெஞ்சில், சிரித்துக்கொண்டே, யாரோ வேற்றுப் பிள்ளையின் குரல்போல, பிறகு அழையுங்கள் என்றாள். அவள் வகுப்பில் இருப்பாள். அறையில் இருக்கும் பிள்ளையின் எண்ணை நான் வாங்கிவைக்கவில்லை. நாளுக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தும் அது தோன்றவில்லை. நேரத்தைப் பார்த்தேன். காலையில் ஏற்றியிருந்தால் இப்போது மெழுகு அடிக்கு வந்திருக்கும். கண்ணாடி ஆகக் கூடிய சூட்டில் இருக்கும் நேரம் இதுதான்.

தீயணைப்புக்காரரை அழைக்கட்டுமா என்று முதலாளி கேட்டார். அவர்களிடம் என்ன சொல்வது? ஒரு குவளையில் விரிசல் இருக்கலாம். அது எரிந்துகொண்டிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லாமல் இருக்கலாம். எல்லாமே இருக்கலாம்தான். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். அவர்கள் கதவை உடைத்து உள்ளே போய், அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் மகள் என்னை என்ன சொல்லுவாள் என்றுதான் யோசித்தேன். பிள்ளையின் வீடு எரியுமோ என்று பயந்துகொண்டிருந்த அதே நிமிடத்தில், அவள் கோபிப்பாளோ என்றும் எப்படி என்னால் யோசிக்க முடிந்தது? உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வந்தால் என்னைப் பின்பற்றாதீர்கள். அழைக்கச் சொல்லுங்கள்.

பனி கொட்டிக்கொண்டிருந்ததால் காரைவிட மெட்ரோவே வேகம். உட்கார இடமிருந்தும் கதவோடு நின்றேன். அந்தத் திட்டை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். ஈரத்திட்டின் ஓரம் வளைந்து போகும், விரிசல் நேராகப் போகும், அதுதான் வித்தியாசம். நான் கொடுத்ததன் ஓரம் வளைந்துதான் இருந்தது என்று ஃபாப்ர் நிலையத்தில் உறுதியாகத் தெரிந்தது. ஜோன்-தாலோனில் ஒரு பக்கம் கொஞ்சம் நேராக இருந்ததுபோலப் பட்டது. பார்க் நிலையத்தில் இறங்கும்போது முழுவதும் நேரான கோடாக மாறியிருந்தது. கையில் வைத்துப் பார்த்த பொருளை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தெருமுனையில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடையைத் தாண்டியதும் அண்ணாந்து அவர்களுடைய மாடியைப் பார்த்தேன். புகை இல்லை. வெளிப்படிகளில் பனி இறுகியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி மணியை அடித்தேன், கதவையும் தட்டினேன். சென்னைப் பிள்ளை கையில் புத்தகத்தோடு வந்து திறந்தது.

"வாங்க ஆன்ட்டி. என்ன திடீர்னு? அவ கிளாஸ்ல இருக்கா."

சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போனேன். இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தப் பிள்ளை என் காலடியில் உருகி ஓடிய பனியைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தது. அறையில் ஒரு மேசைமேல் அந்தோனியார் படம், பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பிள்ளையார். இரண்டுக்கும் நடுவில் குவளை. சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. சத்தமில்லை, கசிவில்லை. அடியில் ஒரு விரல் தடிப்புக்குத்தான் மெழுகு இருந்தது, அதுவும் முழுவதும் உருகித் தண்ணீர்போல. நான் பயந்து வந்த ஈரத்திட்டு அங்கே இல்லை. மெழுகு உருகினால் திட்டு இருக்காது என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கண்ணாடியை வார்த்தபோது விழுந்த பொருத்துக் கோடாக இருக்கலாம். புகைக்கரி இழுத்த கோடாக இருக்கலாம். நகத்தை வைத்துப் பார்த்தேன். ஏதோ தட்டுப்பட்டதுபோல இருந்தது, சூட்டில் கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தபோது ஒன்றும் தட்டுப்படவில்லை.

நான் குனிந்ததைப் பார்த்து அந்தப் பிள்ளை கையை நீட்டித் தடுத்தது.

"ஊதாதீங்க ஆன்ட்டி. அது அணையற வரைக்கும் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். ஒவ்வொரு செவ்வாயும் நான்தான் பாத்துக்கறேன். எங்க வீட்லயும் விளக்கை வாயால ஊத மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான், முடியப்போகுது."

அதுவரை எனக்கு இது தெரியாது. மகள் கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். இப்போது என்ன செய்வது? ஆள் இருக்கிறது, தீ ஒழுங்காக எரிகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாக முடியும். அப்படியே விட்டால் நேர்த்தி குலையாது. ஆனால் கடைசிக் கொஞ்ச நேரம்தான் ஆபத்தானது. அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன். அது விரிசல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விரிசல் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையின் துப்பட்டா மேசையில் உரசிக்கொண்டிருந்தது.

ஊதிவிட்டேன்.

அந்தப் பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டது. குவளையை அந்த மர மேசையில் இன்னும் ஒரு கணம் விடவும் எனக்குப் பயம். கம்பளிக் கையுறையால் பிடித்துத் தூக்கி, பல்கனிக் கதவைத் திறந்து, பனிக்குவியலில் வைத்தேன். சூடான கண்ணாடியைக் குளிரில் வைக்கக் கூடாது என்று பட்டறையில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னவள் நான்தான். கையை எடுக்குமுன் அந்தச் சொடக்குச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைக்கும் கேட்டது.

மகள் வந்தபோது நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் திரி எரியாமலிருந்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னது. மகள் பல்கனிக்குப் போய்க் குவளையை எடுத்து வந்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. அந்த மெல்லிய கோடு இருந்த இடத்தை நான் தேடினேன். பிளவு அதன் வழியாகப் போயிருக்கிறதா, பக்கத்தால் போயிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"இது முதலே இருந்ததா, நீங்கள் பனியில வைச்சதால வந்ததா?"

"தெரியேல்லை."

"தெரியாமலே ஊதினீங்கள்?"

"தெரியாததாலதான் பிள்ளை ஊதினன்."

அவள் குவளையைக் கடதாசிப் பையில் சுற்றி வைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே கதைத்தாள்.

"நான் தனிய விட்டிட்டுப் போயிருப்பன் எண்டுதானே நினைச்சனீங்கள்?"

நிலம் துடைத்த துணியைப் பிழிந்தேன். நேர்த்தி யாருக்காக என்று கேட்டேன். அதைச் சொன்னால் பலிக்காது என்றாள். இனி முதல் செவ்வாயிலிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். யாருக்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டறையில் அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் உங்கள் வேலையிலேயே பார்க்கிறீர்கள். குவளைகள் வந்தால் ஓர் இரவு உள்ளே கிடந்து சூடேறிய பிறகே ஊற்றுகிறீர்கள். மெழுகு ஊற்றுமுன் ஒவ்வொரு குவளையையும் வெறுமையாக வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்கிறீர்கள். அலுப்பான வேலை என்று தெரியும். மெழுகு நிறைந்தபின் என் கண்ணுக்கும் தெரியாததை அப்போது உங்கள் கண் பார்த்துவிடும். அப்படிப் பார்த்த குவளையில் வெள்ளை பூத்தாலும், மேலே சுருங்கினாலும், திட்டு விழுந்தாலும், தயங்காமல் அனுப்புங்கள். அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அனுப்புமுன் பாருங்கள். ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தேன், தேவையில்லாத காரணத்துக்காக என்றாலும். ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இப்படி எழுதும்போது எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. மேசையில் இருக்கும்போது அப்படி இருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு கொஞ்சக் காலம், திட்டு விழுந்த எதையும் என்னால் அனுப்ப முடியவில்லை. ஹைட்டிப் பெண் மறுபடி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தார், இம்முறை பகிடி விடாமல்.

அடுத்த சனிக்கிழமை மகள் பட்டறைக்கு வந்தாள். நான் கொடுப்பதை வாங்க வரவில்லை, தானே எடுக்க வந்திருந்தாள். தட்டில் இருந்த சிறிய குவளைகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துச் சுழற்றினாள், நகத்தால் தடவினாள். நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். கடைசியில், ஒரு பக்கம் முழுக்க வெள்ளை பூத்திருந்த ஒன்றை எடுத்தாள். விற்பனைக்கு ஆகாது என்று யாரும் சொல்லக்கூடிய குவளை.

"இது சரியா அம்மா?"

எல்லாம் சரி, பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை எதிர்பார்த்தாளோ என்னவோ.

"எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சரி. எரியேக்குள்ள ஆராவது பக்கத்தில இருக்க வேணும்."

"வாற செவ்வாய் அவளுக்குச் சோதினை. எனக்கு வகுப்பு." குவளையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்கள் வந்து இருங்கோவன்."

அந்தச் செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். காலையில் அவளே ஏற்றிவிட்டு, வீட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனாள். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தேன். மெழுகு மெல்ல உருகி, பக்கத்தில் பூத்திருந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. பின்னேரம், அடியில் ஒரு விரல் தடிப்புக்கு வந்தபோது கண்ணாடியில் ஏதோ ஒரு கோடு தெரிந்தது. அல்லது தெரிந்ததுபோல இருந்தது. எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். தடித்த பீங்கான் தட்டு ஒன்றை அதன் கீழே வைத்தேன், கையெட்டும் தூரத்தில் நனைத்த துணியையும் வைத்தேன். சுடர் சிறிதாகி, ஒருமுறை நிமிர்ந்து, தானாக அணைந்தது.

கண்ணாடி எப்படித் தாங்கியது என்று தூக்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. மகள் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, அவளுக்குத் தேநீர் போடத் தண்ணீரை வைத்தேன்.